சீமைக் குளிர்

‘குளிர்’ என்னும் சொல்லைச் சேலத்துக்காரர்கள் உச்சரிப்பதே ஒரு வேடிக்கை. ஆண்டில் பத்து மாதம் வெயிலைத் திட்டிக்கொண்டு காலம் கழிக்கும் ஊர் இது. மார்கழி பிறந்து, விடியற்காலையில் உஷ்ணம் 19, 20 டிகிரிக்கு இறங்கிவிட்டால் போதும். நம் ஃபேர்லேண்ட்ஸ் வீதிகளில் காலை உலாப் போகிறவர்களைப் பார்க்க வேண்டும்! காதை மூடிய குல்லாய், கழுத்தைச் சுற்றிய மப்ளர், அதற்கு மேல் ஒரு சால்வை. தூரத்தில் சேர்வராயன் மலை முக்காடு போட்டாற்போல் பனிமூட்டத்துக்குள் நிற்கும். தேங்காயெண்ணெய்ப் புட்டியை அடுப்பருகே வைத்து உருக்கியபடி, “இந்த வருஷம் குளிர் ரொம்ப அதிகம்” என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் இன்று பிள்ளைகளும் பெண்களும் குளிர் தேசங்களுக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். நம் வீதியில் மட்டும் கணக்கெடுத்தால் ஜெர்மனியில் ஒருவர், அயர்லாந்தில் ஒருவர், சுவீடனில் தம்பதிகளாக இருவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணித உபாத்தியாயராக இருந்து வருகிறோம். ஆகையால் பழைய மாணவர்கள் பிரயாணத்துக்கு முன் விடைபெற்றுப் போக வருவது வழக்கம். கூடவே தாயாரும் வருவார். “சார், அந்தக் குளிரை இவன் எப்படித் தாங்குவான்?” என்று கேட்பார். நாம் அவருக்கு ராமானுஜன் கதையைச் சொல்வோம். அது வெறும் பெருமைக் கதையன்று. அதில் பயன்படும் விஷயம் இருக்கிறது.

ஸ்ரீநிவாச ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. ஊர், நமக்கு அண்டை ஊரான ஈரோடு. குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தபோது, கடல் கடந்தால் ஜாதிக் கட்டுப்பாடு என்ன சொல்லுமோ என்ற கலக்கம் அவருக்கும் அவர் தாயாருக்கும் இருந்தது. நாமக்கல் கோயிலில் மூன்று இரவு தங்கி, தாயாரின் உத்தரவைப் பெற்ற பிறகே அவர் புறப்படச் சம்மதித்தார் என்று வரலாறு கூறும். மலையைக் குடைந்த நரசிம்மர் சந்நிதியைச் சேவித்துவிட்டு வெளியே வரும் போதெல்லாம், ‘இங்கேயிருந்துதானே அந்தப் பிரயாணம் தொடங்கிற்று’ என்று நமக்குத் தோன்றும்.

1914 மார்ச் 17-ஆம் தேதி அவர் சென்னையில் கப்பலேறினார். ஏப்ரல் 14-ஆம் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். குடுமியைக் கத்தரித்துவிட்டு, கால்சட்டையும் கோட்டும் அணிந்து போனார். பிறந்த நாள் முதல் செருப்போடு பழகிய கால்களுக்குச் சீமைப் பூட்ஸு பெரும் ஹிம்சையாக இருந்ததாம். ஆகஸ்டு மாதத்தில் உலக யுத்தம் மூண்டது. மரக்கறி உணவைத் தவிர வேறு எதையும் தொடாதவர். கல்லூரிச் சமையலறையை நம்பாமல் தம் அறையிலேயே சிறிய அடுப்பில் சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கிவிட்டால் அந்தச் சமையலும் நேரம் தவறிப் போகும். ஊரிலிருந்து வரவேண்டிய சாமான்களும் யுத்தத்தினால் ஒழுங்காக வரவில்லை.

அவர் போன புதிதில் நடந்த ஒரு சம்பவத்தைப் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில், 1931-இல், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே மகலனோபிஸ்தான். அப்போது அவரும் கேம்பிரிட்ஜில் ஒரு மாணவர். இரவில் குளிர் தாங்கும்படி இருக்கிறதா என்று ராமானுஜனை அவர் விசாரித்தார். மிகவும் குளிர்கிறது, மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று பதில் வந்தது. கம்பளி போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன! அங்கே வழக்கப்படி அவற்றை மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகி, மேலே ஒரு துப்பட்டியை விரித்திருந்தார்கள். கம்பளிகளை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை யாரும் ராமானுஜனுக்குச் சொல்லவில்லை. அவர் அத்தனை கம்பளிக்கும் மேலே படுத்துக்கொண்டு நடுங்கியிருக்கிறார். மகலனோபிஸ் கம்பளியை விலக்கிக் காட்டினார். ராமானுஜன் மனம் நெகிழ்ந்து போனார்.

இந்தக் கதையைக் கேட்டதும் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு, “ஏன் சார் அவர் யாரையும் கேட்கவில்லை?” என்று ஒரு பிள்ளையாவது கேட்காமல் இருப்பதில்லை. அந்தக் கேள்விதான் விஷயத்தின் உயிர்நாடி. கோடி கணக்கைக் கேட்கக் கூச்சப்படாதவர், போர்வையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டார். அயலூரில் புத்திசாலிக்கு அதிகமாகத் தெரியாமல் இருப்பவை இந்தச் சின்னஞ்சிறு விஷயங்களே. தெரியாதவை சிறியவையாக இருப்பதனாலேயே கேட்க வெட்கமாகவும் இருக்கிறது.

இதை நாம் புத்தகத்தில் படித்து மாத்திரம் சொல்லவில்லை. நம் மனைவியார் இங்கே ஒரு கல்லூரியில் இரசாயனம் கற்பிக்கிறார். 2018-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக்காக அவர் ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்துக்கு ஓராண்டு போக நேர்ந்தபோது, நாமும் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டு உடன் சென்றோம். கணிதப் பேராசான் காஸ் வாழ்ந்து, 1855-இல் மறைந்து, அங்கேயே அடக்கமான ஊர் அது. கணித உபாத்தியாயருக்கு அதைவிட க்ஷேத்திரம் வேறு உண்டா? கோடையில் போய்ச் சேர்ந்ததால் முதலில் எல்லாம் இன்பமாகவே இருந்தது. ஐப்பசி கழிந்ததும் விளையாட்டு ஆரம்பமாயிற்று.

வெளியில் வீசும் குளிரை மனிதன் சமாளித்துவிடலாம் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டோம். ஜெர்மானியர்கள் அதற்கு ‘வெங்காய முறை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரே கனத்த கோட்டை நம்பாமல், மெல்லிய பனியன், அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, கடைசியில் காற்றுப் புகாத மேல்கோட்டு என்று தோல்மேல் தோலாக அணிய வேண்டும். அடுக்குகளுக்கு இடையில் சிறைப்படும் காற்றுத்தான் தேகத்தின் உஷ்ணத்தைக் காப்பாற்றுகிறது. உள்ளே புகுந்ததும் ஒவ்வொரு தோலாக உரித்துவிடலாம். கடையில் உப்புப் புளி வாங்கப் போவதற்கு உடுத்திக்கொள்ளப் பத்து நிமிஷம், திரும்பி வந்து அவிழ்த்துப்போடப் பத்து நிமிஷம். வேட்டியும் துண்டுமாக வாழ்ந்த நமக்கு, தினந்தோறும் கல்யாண மாப்பிள்ளை வேஷம் போடுவதுபோல் இருந்தது.

வீட்டுக்குள்ளும் படிக்க வேண்டிய பாடங்கள் இருந்தன. சுவரோரமாகச் சுடுநீர் ஓடும் இரும்புப் பலகைகள் அறையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். அதனால் காற்று வறண்டு உதடு வெடிக்கும். தேங்காயெண்ணெய் தடவலாம் என்று புட்டியைக் கவிழ்த்தால், எண்ணெய் கல்லாகி இருக்கும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் வஸ்து அது. காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிஷம் எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து வைக்க வேண்டும் என்பது அந்த ஊர்ச் சம்பிரதாயம். பனி கொட்டும்போது ஜன்னலைத் திறப்பதாவது என்று நமக்கு முதலில் விபரீதமாகப் பட்டது. குளித்த ஈரமும் சமைத்த ஆவியும் வெளியேறாவிட்டால் சுவரில் பூஞ்சணம் படரும் என்பதுதான் காரணம். இட்லி மாவோ பொங்க மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தது. அதை இரும்புப் பலகையின் அருகே கம்பளி சுற்றிக் கிடத்தி, கைக்குழந்தையைப்போல் இரவில் எழுந்து எழுந்து பார்த்தோம். பாலுக்கு உறை ஊற்றிய பாத்திரத்தை, விளக்கு மட்டும் எரியும் ரொட்டி அடுப்புக்குள் வைத்தோம். மாவு பொங்கிய காலையில் நம் மனைவியார் முகத்தில் தோன்றிய சந்தோஷத்தை, அவருடைய ஆராய்ச்சி வெற்றிபெற்ற நாளில்கூட நாம் காணவில்லை.

குளிரைப் பற்றி இவ்வளவுதான். நாம் எதிர்பாராதது இருட்டு. மார்கழியில் சேலத்துப் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். கோட்டிங்கனில் அது எட்டு மணிக்கும் குறைந்துவிடும். காலை எட்டரை மணிக்குப் பொழுது விடியும். மாலை நாலேகாலுக்குச் சூரியன் போய்விடும். அந்த இடைவேளையிலும் சூரியன் வாக்களித்தபடி வருவதில்லை; சாம்பல் பூசிய வானம்தான் தெரியும். அந்த அட்சரேகையில் குளிர்காலச் சூரியனின் கதிர்கள் மிகவும் சாய்ந்து விழுவதால், தோலில் வைட்டமின் டி உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. கறுத்த மேனிக்கு வெயில் இன்னும் கூடுதலாக வேண்டும். இங்கிலாந்து தேசத்துச் சுகாதார அதிகாரிகள் குளிர்காலத்தில் நாள்தோறும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி சாப்பிடலாம் என்று எல்லோருக்குமே யோசனை கூறுகிறார்கள். வெளிநாடு போகும் பிள்ளைகள் ஊறுகாய்க்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

மனைவியார் ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவார். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் இருபது வருஷம் வாழ்ந்த உபாத்தியாயர், மூடிய ஜன்னலின் உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பார். காக்கை இல்லை, கோலம் இல்லை, தெருவில் கீரை விற்கும் குரல் இல்லை. பனி பெய்தால், இருந்த சப்தமும் அடங்கிவிடும். ஒரு வாரத்தில் வாயில் தமிழ் தவிர்த்த வார்த்தை ஒன்றும் வராத நாட்கள் இருந்தன. தமிழும் இரவில் மட்டும்தான்.

டிசம்பர் 6-ஆம் தேதி காலையில் கதவைத் திறந்தோம். நம் வழக்கப்படி பாதரட்சைகளை வாசற்படிக்கு வெளியேதான் விட்டிருந்தோம். நம் பூட்ஸுக்குள் ஒரு ஆரஞ்சுப் பழமும், நாலைந்து வாதுமைக் கொட்டைகளும், ஜரிகைக் காகிதம் சுற்றிய ஒரு சாக்லேட்டும் இருந்தன. திகைத்து நின்றபோது எதிர்வீட்டுக் கிழவியார் கதவைச் சற்றே திறந்து சிரித்தார். அன்று புனித நிக்கலஸ் திருநாளாம். முந்தின இரவு குழந்தைகள் வாசலில் பூட்ஸை வைப்பார்களாம். புனிதர் வந்து அதில் பண்டம் போட்டுவிட்டுப் போவாராம். ஐந்து மாதமாக நம் பூட்ஸு வாசலில் காத்திருந்ததைக் கண்டு, அந்த அம்மாள் இரங்கியிருக்கிறார்! மறுவாரம் அவர் சளியினால் வருந்துகிறார் என்று அறிந்து மிளகு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணில் நீர் வழிய அதைக் குடித்துவிட்டு இன்னும் ஒரு கோப்பை கேட்டார். அன்று தொட்டு, வாரம் இரண்டு நாள் அவரிடம் நாம் ஜெர்மன் படித்தோம். அந்த வருஷத்துக் குளிர் அதற்குப் பிறகும் குறையவில்லை. கோட்டிங்கன் மட்டும் வேறு ஊராகிவிட்டது.

இதனால் நாம் ஒரு முடிவுக்கு வந்தோம்: குளிரைக் கம்பளி தடுக்கும், தனிமையைத் தடுக்க மனிதர்தான் வேண்டும். காந்தியடிகளின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1888-இல் லண்டனுக்குப் படிக்கப்போன இளைஞர் மோகன்தாஸ், தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி அரைவயிறு உண்டு தவித்தார். ஃபாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவகம் கண்ணில் பட்டது. நல்ல சாப்பாட்டோடு சைவ உணவுக் கொள்கையுள்ள சிநேகிதர்களும் கிடைத்தார்கள். 1931-இல் வட்டமேஜை மகாநாட்டுக்குப் போனபோதோ, முழங்கால் வரை வந்த வேட்டியும் சால்வையுமாகவே அவர் லண்டன் குளிரில் நடமாடினார். ஈஸ்ட் எண்டு ஏழைகளின் நடுவே கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். தெருக் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மனிதச் சூடு அவரைச் சுற்றிலும் இருந்தது.

ராமானுஜனுக்கு அந்த பாக்கியம் கிட்டவில்லை. ஹார்டி அவருடைய மேதையை உலகுக்கு உணர்த்திய மகான். ஆனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று விசாரிக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. மனைவி ஜானகியம்மாள் எழுதிய கடிதங்கள், அந்த அம்மாளே பிற்காலத்தில் கூறியபடி, மாமியாரால் தடுக்கப்பட்டுக் கணவரைச் சேரவில்லை. ஒருமுறை ராமானுஜன் தம் அறையில் விருந்து சமைத்தார். விருந்தாளிகளுக்கு இரண்டு தடவை ரசம் ஊற்றினார். மூன்றாம் தடவை அவர்கள் வேண்டாம் என்றதும் மனம் நொந்து எழுந்து போய்விட்டார். சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்ததாம். ஒரு கிண்ணம் ரசம் மனிதரை இவ்வளவு புண்படுத்துமா என்று ஊரிலிருப்பவர்கள் கேட்கலாம். பேச ஆளில்லாமல் ஒரு குளிர்காலத்தைக் கழித்தவர்கள் கேட்கமாட்டார்கள்.

1917-இல் அவர் நோயில் விழுந்தார். க்ஷயரோகம் என்று கருதிச் சானடோரியங்களில் சேர்த்தார்கள். திறந்த காற்றே மருந்து என்பது அக்காலத்து வைத்தியம். ஆகையால் அறையில் தீ மூட்டமாட்டார்கள். கணக்குப் போடும் நேரத்துக்கு மட்டும் தீ உண்டு என்று சொன்னார்களாம்; அந்த நேரம் வரவே இல்லை என்றும், கம்பளியைப் போர்த்திக்கொண்டே சாப்பிட வேண்டியிருக்கிறது என்றும், குளியலறை மட்டும் வெதுவெதுப்பாக இருப்பதால் பேனாவும் தாளுமாக அங்கே போய்க் கணக்குச் செய்யப் போகிறேன் என்றும் ஹார்டிக்கு எழுதினார். 1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மனம் முறிந்து உயிரையே விடத் துணிந்தார்; தெய்வாதீனமாகப் பிழைத்தார். அதே ஆண்டில்தான் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் பதவியும், டிரினிட்டி கல்லூரியின் பெல்லோ பதவியும் அவரைத் தேடி வந்தன. 1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் காலமானார். வயது 32.

அவரைக் குளிர் கொன்றது என்று சொல்வது நியாயமாகாது. 1994-இல் டி. ஏ. பி. யங் என்பவர் பழைய ஆதாரங்களைப் பரிசீலித்து, அவருக்கு இருந்தது க்ஷயரோகமன்று, ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். அப்படியானால் அது இந்தியாவிலிருந்தே உடன் சென்ற நோயாக இருக்கலாம். ஆனாலும் நோயுற்ற மனிதருக்கு ஊர் திரும்பும் வழி யுத்தத்தினால் அடைபட்டிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. கடலெங்கும் நீர்மூழ்கிக் கப்பல்களின் பயம்.

இன்று கடலில் பயமில்லை. ஒரே நாளில் ஆகாய விமானம் சேலத்துப் பிள்ளையைச் சேலத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் வேறொரு வழியை நாமே அடைத்து வைத்திருக்கிறோம். நம் பழைய மாணவன் ஒருவன் வடதேசத்து நகரம் ஒன்றுக்குப் படிக்கப் போனான். வீட்டின்மேல் கடன் வாங்கித்தான் அனுப்பினார்கள். தை மாதத்து இரவொன்றில் தொலைபேசியில் அழைத்தான். “சார், மூணு நாளா யாரோடயும் பேசலை. அம்மா கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்” என்றான். வெகுநேரம் பேசினோம். அதற்குப் பிறகு தினமும் பேசினோம். அங்குள்ள வைத்தியரையும் பார்த்தான். பங்குனியில், படிப்பை முடிக்காமல் ஊர் வந்து சேர்ந்தான்.

தேகம் தேறிவிட்டது, இப்போது இங்கேயே ஒரு தொழிற்சாலையில் நல்ல உத்தியோகத்தில் இருந்து, கடனையும் அடைத்து வருகிறான். ஆனால் வீதியில் அவனைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே: “ஏன் தம்பி திரும்பி வந்துட்டே?” கல்யாண வீட்டில் கேட்டார்கள், கோயில் வாசலில் கேட்டார்கள், முடிதிருத்தும் நிலையத்தில் கேட்டார்கள். “எப்படி இருக்கே?” என்று யாரும் கேட்கவில்லை. ‘சீமைக்குப் போன பிள்ளை’ என்ற பட்டத்தை நாம் குழந்தைகளின் தலையில் கட்டிவிடுகிறோம். அதைக் கழற்றி வைக்கும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. அதனால்தான் இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு ‘நன்றாக இருக்கிறேன்’ என்று அவர்கள் சொல்ல நேர்கிறது.

குளிர் தேசத்தில் நம்மவர்கள் வேரூன்றவில்லையா என்றால், ஊன்றியிருக்கிறார்கள். 1956-இல் யாழ்ப்பாணத்துக் குருநகரிலிருந்து ஆண்டனி ராஜேந்திரம் நார்வே போய்ச் சேர்ந்தார். பின்னர் உள்நாட்டுப் போரினால் அகதிகளான ஈழத் தமிழர் பலர், அந்நாட்டின் வடகோடியான பின்மார்க்கில் மீன் தொழிற்சாலைகளில் உழைத்தார்கள். மார்கழியில் பல வாரங்கள் சூரியன் தொடுவானத்துக்கு மேல் எழவே எழாத பிரதேசம் அது. அங்கே முதலில் போனவர் அடுத்து வந்தவருக்கு வழிகாட்டினார். சேர்ந்து சமைத்தார்கள், சேர்ந்து பண்டிகை கொண்டாடினார்கள், குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள்.

ஆகையால், விடைபெற வரும் பிள்ளைகளுக்கு நாம் இப்போது சொல்வது மூன்று வார்த்தைதான்: வெட்கப்படாமல் கேள். முதல் வாரத்திலேயே அண்டை வீட்டாரின் பெயரைத் தெரிந்துகொள். முடியவில்லை என்றால் திரும்பி வா. தாய்மார்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று. தொலைபேசியில் பிள்ளையைக் கூப்பிட்டு, “அங்கே குளிர் எத்தனை டிகிரி?” என்று கேட்கவேண்டாம், அது பத்திரிகையிலேயே வரும். “இன்றைக்கு யாரோடு சாப்பிட்டாய்?” என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால், அடுத்த நாளும் கூப்பிடுங்கள்.